கிளி பிஸ்கட்

பிஸ்கட்டில் சர்க்கரைக் கோடு இழுப்பாயே, அந்த உன் தகரக் கூம்பை நேற்று வெந்நீரில் போட்டேன். மத்தியானம்தான் உன் வீட்டுக்காரர் வந்து கொடுத்துவிட்டுப் போனார். செம்பூரில் ரயிலேறி, குர்லாவில் மாறி, ஒரு சின்னக் கைக்குட்டை முடிச்சைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். "இத உங்ககிட்ட குடுத்துரணும்னு ஆஸ்பத்திரில வச்சே சொல்லிட்டா" என்றார். நீ போய்ப் பதினாறு நாள் ஆகிவிட்டது என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. டைபாய்டு என்றார். காப்பி கலந்து கொண்டுவந்தேன். நின்றபடியே குடித்தார். மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

கூம்பின் நுனியில் பச்சைச் சர்க்கரை இறுகி அடைத்திருந்தது. உன்னைப் போன்ற சுத்தக்காரி இதைக் கழுவாமல் வைத்திருக்கிறாளே என்று முதலில் வியந்தேன். பிறகு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவர் சொன்னது ஞாபகம் வந்தது. காய்ச்சல் கண்ட அன்றைக்கு மகளுக்குக் கிளி பிஸ்கட் போட்டுக்கொண்டிருந்தாயாம். பாதியில் குளிர் எடுத்துப் படுத்துவிட்டாயாம்.

வெந்நீரில் அந்தப் பச்சை மெதுவாகக் கரைந்தது. எலுமிச்சை வாசனை வந்தது. உண்மையிலேயே வந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை. தண்ணீர் துளிகூடக் கலங்காமல் தெளிந்த பச்சையானது. அதைப் பார்த்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் ஏன் கலங்கவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நீ இருந்தவரை எழுதாத கடிதம் இது. மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் நடுவில் சமுத்திரமா இருந்தது? நினைத்தால் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்திருக்கலாம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு சாக்கு வைத்திருந்தேன். விருந்தாளி, தலைவலி, மழை. பம்பாயில் மழைக்கு என்ன பஞ்சம்! உண்மையில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று இருந்தது. அதைச் சொல்லாமல் தப்பிக்கத்தான் அத்தனை மழையும்.

போர் நடந்துகொண்டிருந்த நாட்களில் ரேஷன் ஆபீஸில் பெண்களையும் வேலைக்கு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீட்டில் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அனுமதி வாங்கி நான் வந்து சேர்ந்தேன். எதிர் மேஜை உனக்கு. நான் பாலக்காட்டிலிருந்து கல்யாணமாகி மாட்டுங்காவுக்கு வந்தவள். நீ திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, கல்யாணமாகித் தாராவிக்கு வந்தவள். இரண்டு பேருக்கும் ஒரே வயது. முதல் மாதம் முழுக்க என்னை "நீங்க" என்றாய். பிறகு ஒரு நாள் என் டிபன் டப்பாவிலிருந்த மிளகாய்ப்பொடி இட்லியைக் கேட்காமலே எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ஏட்டி, இது என்ன இவ்வளவு உறைப்பு?" என்றாய். அன்றிலிருந்து ஏட்டிதான்.

நம் வேலை ரேஷன் அட்டையில் பெயர் எழுதுவது. நான் விறுவிறுவென்று கிறுக்கித் தள்ளுவேன். நீ ஒவ்வொரு பெயரையும் கேட்டு, திரும்பக் கேட்டு, பெரிய எழுத்தில் நிறுத்தி எழுதுவாய். வரிசை நீளும், எனக்குக் கோபம் வரும். "பேரு தப்பாப் போச்சுன்னா கடைக்காரன் அரிசி குடுக்கமாட்டான்லா. நமக்கு ஒரு எழுத்து, அவுகளுக்கு ஒரு வாரச் சோறு" என்பாய். அப்படிச் சொல்லிவிட்டு மறுபடியும் நிதானமாகவே எழுதுவாய்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு நீ ஒரு பிரிட்டானியா டப்பா நிறைய பிஸ்கட் கொண்டுவந்தாய். நட்சத்திரம், மணி, மீன். ஒவ்வொன்றின் மேலும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வழவழவென்று ஒரு வெள்ளை. அதன் மேல் சிவப்பிலும் பச்சையிலும் மெல்லிய கோடுகள். ஆபீஸே சுற்றி நின்று பார்த்தது. எனக்கு மட்டும் ஒரு தனிப் பொட்டலம் கொடுத்தாய். அதில் வெள்ளை பூசாத வெறும் பிஸ்கட். "அந்த ஐசிங்ல முட்டையோட வெள்ளக்கரு இருக்கு, நீ திங்கமாட்ட. இது வெறும் நெய்யும் மாவும் சர்க்கரையும்தான்" என்றாய். நான் கேட்காமலே சொன்னாய். அந்த வெள்ளையில் என்ன இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்கே தெரியும் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

அப்புறம் எத்தனை சனிக்கிழமை மத்தியானங்கள் உன் தாராவி வீட்டில்! வீட்டில் ஆபீஸ் வேலை அதிகம் என்று சொல்லிவிட்டு வருவேன். பொடிச் சர்க்கரை அந்த நாளில் எங்கே கிடைக்கும்? ரேஷன் சர்க்கரையை உரலில் இடித்து, உன் வீட்டுக்காரரின் பழைய வேட்டியில் கொட்டி, நாட்டு மருந்துக்காரர்கள் சூரணம் சலிப்பது போல வஸ்திரகாயம் செய்வோம். இரண்டு பேர் மூக்கிலும் சர்க்கரை. வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுவாய். கரண்டியைத் தூக்கினால் கூர் நிற்கவேண்டும். கிண்ணத்தின் மேல் ஈரத்துணி போட மறந்தால் என் கையில் ஒரு அடி விழும்.

ரொட்டி சுற்றி வரும் மெழுகுத்தாளைக் கூம்பாகச் சுருட்டி, அதன் அடியில் இந்தத் தகரக் கூம்பைப் பொருத்துவாய். பள்ளிக்கூடத்து மிஷன் அம்மா உனக்குக் கொடுத்தது இது. "மொதல்ல ஓரத்தைப் போடு. ஓரம் காயட்டும். பொறவுதான் நடுவுல ஊத்தணும். அவசரப்பட்டா எல்லாம் வெளிய ஓடிரும்" என்பாய். எனக்கு அவசரம் பிறவிக்குணம். என் மீன்கள் எல்லாம் தண்ணீருக்கு வெளியே வழிந்துகொண்டிருக்கும். ஆனால் கோடு இழுப்பதை மட்டும் நீ எனக்கு விட்டுக்கொடுத்தாய். கோலம் போட்ட கையாயிற்றே. புள்ளி வைத்து இழை இழுத்து ஒரு பிஸ்கட்டில் தாமரை போட்டபோது, "ஏட்டி, எங்க மிஷன் அம்மாவுக்கே இது வராது" என்று நீ சொன்னது எனக்கு வாழ்க்கையில் கிடைத்த பெரிய சர்டிபிகேட். நான் செய்ததை நானே தின்றதில்லை என்பதுதான் அதில் வேடிக்கை.

அடுத்த ஐப்பசியில் என் நாத்தனார் ராஜத்தைப் பெண் பார்க்க டெல்லியிலிருந்து வருவதாகக் கடிதம் வந்தது. அதற்கு முன் இரண்டு இடம் வந்து, தின்றுவிட்டு, ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்று போனதோடு சரி. ராஜம் அழுகிற ரகம் இல்லை. ஆனால் அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து அவள் தலை பின்னிக்கொள்ளும்போது கண்ணாடியைப் பார்ப்பதில்லை என்று நான் கவனித்தேன். என் மாமியாரும் கவனித்திருந்தார். மாமனார் இல்லாத குடும்பம். எல்லா ஓட்டமும் அவருடையது. "இந்த இடமும் தட்டிப்போச்சுன்னா அந்தப் பொண்ணு ஒடைஞ்சு போயிடுவா" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். மாமியார் என்னிடம் குரல் தாழ்த்திப் பேசியது அதுதான் முதல் தடவை.

சொஜ்ஜி கிளறச் சர்க்கரை போதாது. டெல்லிக்காரர்களுக்குச் சொஜ்ஜி ஒன்றும் புதிதுமில்லை. நான்தான் உன் பிஸ்கட்டைப் பற்றி ஆரம்பித்தேன். மாமியார் யோசித்தார். கிறிஸ்தவப் பெண் வீட்டில் செய்ததைச் சாப்பிடலாமா என்பது அவருடைய யோசனை. அதற்கு வழி அவரே கண்டுபிடித்தார்.

"நெய்யும் சர்க்கரையும் மாவுந்தானே? ஜலம் சேர்க்கலையே?"

"இல்லைம்மா."

"அப்போ பத்து இல்லை. பக்ஷணம் மாதிரிதான். பம்பாய்க்கு வந்து பேக்கரி ரொட்டி திங்கறதுகள் எல்லாம்."

பத்து என்றால் என்னவென்று உனக்கு நான் ஒரு தடவை அரைமணி நேரம் விளக்கி, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய், நினைவிருக்கிறதா? தண்ணீரில் வெந்த சோறு தொட்டால் ஒட்டிக்கொள்ளும். நெய்யில் செய்தது ஒட்டாது. "அப்போ நெய்யத் தலையில தேச்சிட்டு வந்தா நானும் உங்க அடுக்களைக்குள்ள வரலாமாட்டி?" என்று கேட்டாய்.

விஷயத்தை உன்னிடம் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. "மாவுல முட்டை வேண்டாம், நெய்யே போதும். ஆனா ஐசிங்குக்கு வெள்ளக்கரு இல்லாம ஆவாது. பால ஊத்துனா ஓடிரும். தண்ணி ஊத்துனா காஞ்சு பொரிஞ்சிரும். வெறும் பிஸ்கட்டாக் குடுத்துருவோமா?"

"வெறும் பிஸ்கட்டுக்கு டெல்லிக்காரா மயங்குவாளா? நீ போடு."

"அப்போ உங்க மாமிட்ட சொல்லிரு."

"சொல்றேன்."

"சொல்லுவியா?"

"சொல்றேங்கறேனே!"

சொல்லவில்லை. மஞ்சளில்தானே குஞ்சு, வெள்ளையில் என்ன இருக்கிறது, பார்க்கப் பால் மாதிரிதானே என்று எனக்கு நானே ஒரு சாஸ்திரம் எழுதிக்கொண்டேன். பத்துக்கு மாமியார் கண்டுபிடித்த சந்துக்குள் நான் முட்டையையும் நுழைத்துவிட்டேன்.

அச்சுக்குத் தகரக்காரரிடம் மண்ணெண்ணெய் டின்னை வெட்டிக் கிளி, மாங்காய், குத்துவிளக்கு என்று மூன்று வளைத்து வாங்கினோம். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு உன் தெரு முனை பேக்கரிக்குப் போனோம். ரொட்டி இறக்கிய பின் மத்தியானம் அடுப்பு தணிந்திருக்கும். உன் தெருப் பெண்கள் எல்லாரும் நானகட்டாய் பிஸ்கட் தட்டோடு அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். பேக்கரி பாய் நம் தட்டைப் பார்த்து, "அரே, யே தோதே தோ உட் ஜாயேங்கே!" என்றார். கிளியெல்லாம் பறந்துவிடும் என்று அவர் சொன்னதற்கு வரிசையே சிரித்தது. நீ தட்டை நீட்டும்போது, "தீயக் கொறச்சு வையிங்க பாய், கல்யாணக் கிளி" என்று தமிழிலேயே சொன்னாய். அவருக்குப் புரிந்துவிட்டது.

பசலைக்கீரைச் சாற்றில் கிளிக்குப் பச்சை. பீட்ரூட்டில் மூக்குக்குச் சிவப்பு. ஓரம் நீ போட்டாய். இறகின் கோடுகளும் விளக்கின் சுடரும் நான். ஒவ்வொரு நிறமும் காயும்வரை காத்திருக்கும்போது உன் மகளைத் தொட்டிலில் ஆட்டினோம். முப்பத்தாறு பிஸ்கட். உடைந்தது இரண்டு.

பெண் பார்க்க வந்த அன்று, பையனின் அம்மா ஒரு கிளியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் பார்த்துக்கொண்டேயிருந்தார். "இது வாய்ல போட்டுக்கறதா, கொலுவுல வைக்கறதா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ராஜம் தலை நிமிர்ந்தாள், பையன் பார்த்தான். அப்புறம் அந்த மாமி இரண்டு கிளி, ஒரு மாங்காய் சாப்பிட்டார். என் மாமியாரும் ஒரு விளக்கை விண்டு வாயில் போட்டுக்கொண்டார். நான் கதவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்தேன். அந்த விளக்கிலும் முட்டை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன்.

தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று. கிளம்பும்போது சம்பந்தி மாமி சொன்னார்: "சீர் பக்ஷணத்தோட இந்தக் கிளி பிஸ்கட் இருநூறு வேணும். டெல்லிக்குக் கொண்டு போய் எல்லாருக்கும் காமிக்கணும்."

அதனால்தான் மாமியார் உன்னை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச்சொன்னார். சீர் பக்ஷணம் ஆத்து அடுப்பில்தான் செய்யவேண்டும், நீ சொல்லித்தந்தால் போதும் என்றார். நீ நீலக் கரை போட்ட வெள்ளைப் புடவையில் வந்தாய். ஹாலில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாய். மாமியார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதமும் பென்சிலுமாக எதிரே உட்கார்ந்தார். நான் தூண் மாதிரி பக்கத்தில் நின்றேன். உன்னிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் மாமியாரிடம் சொல்லிவிட்டேன் என்றே நீ நினைத்துக்கொண்டிருந்தாய்.

மைதா, நெய், சர்க்கரை என்று ஒவ்வொன்றாக நீ சொல்ல, மாமியார் எழுதிக்கொண்டே வந்தார். "சரி, மேல அந்த வெள்ளைக்கு? சர்க்கரையை எதுல குழைக்கணும்? ஜலமா, பாலா?"

நீ என்னைப் பார்த்தாய். அப்போதுதான் உனக்குப் புரிந்தது. பொய் சொல்ல உனக்கு வராது. "முட்டை வெள்ளக்கருவுலம்மா" என்றாய்.

பென்சில் நின்றது. மாமியார் உன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். "உனக்குத் தெரியுமோடி இது?"

தெரியும் என்றால் என்னவெல்லாம் போகும் என்று அந்த ஒரு நொடியில் கணக்கு ஓடிற்று. ராஜத்தின் கல்யாணம். என் ஆபீஸ். ஆபீஸுக்குப் போய்ப் பெண் கெட்டுப்போனாள் என்ற பேச்சு.

"தெரியாதும்மா" என்றேன்.

நீ என்னை இன்னொரு தடவை பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். ரேஷன் வரிசையில் ஒருவர் பெயரைத் தெளிவில்லாமல் சொன்னால் நிமிர்ந்து பார்ப்பாயே, அந்தப் பார்வை. பிறகு மாமியார் பக்கம் திரும்பி, "அவளுக்குத் தெரியாதும்மா. நான்தான் சொல்லாமப் போட்டேன். தப்பு என்மேலதான்" என்றாய்.

மாமியார் கத்தவில்லை. "நீ போய்ட்டு வா கொழந்தே" என்றார். நீ எழுந்து போனாய். பிறகு நாற்காலியைக் கழுவினார். என்னையும் ராஜத்தையும் தலை முழுகச் சொன்னார். டெல்லிக்கு இது தெரியக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். "அந்தப் பொண்ணு இனிமே இந்த வாசப்படி ஏறப்படாது" என்றும் சொன்னார்.

மறுநாள் ஆபீஸில் உன் முகத்தைப் பார்க்காமல் நாலு மணி நேரம் பெயர் எழுதினேன். டிபன் நேரத்தில் நீயே வந்தாய். "இன்னைக்கு மிளகாப்பொடி இல்லியாட்டி?" என்றாய். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "விடு. எனக்கு உங்க வீட்டுப் படி ஒண்ணுதான் போச்சு. உனக்கு வீடே அதுதான்லா. கல்யாணம் நடக்கட்டும்" என்றாய். அதோடு நானும் விட்டுவிட்டேன். நீ விடச்சொன்னாய் என்பதற்காக நான் விட்டிருக்கக் கூடாது.

அந்தக் கார்த்திகை மாதம் முழுக்க நீ ஆபீஸ் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்ளவில்லை. கேட்டதற்கு, இனிப்பு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். நம்பினேன். மார்கழி பிறந்த வாரம் என் மேஜைமேல் ஒரு பொட்டலம் வைத்தாய். உள்ளே ஒரு கிளி. பச்சை, சிவப்பு மூக்கு, வழவழப்பு எல்லாம் அப்படியே.

"வேலம்பிசின் ஊற வச்சு, அந்தத் தண்ணியில குழைச்சேன். வெறும் பிசின்னா கண்ணாடி மாதிரி வெடிச்சுது. பொறவுதான் எம்புள்ளைக்கு வயித்துக்கு ஆவலன்னு நீ குடுத்தியே, கூவைக்கெழங்கு மாவு, அதுல ஒரு கரண்டி சேத்தேன். கூரு நின்னுட்டுது. முட்டை இல்லட்டி. நீயே தின்னு பாரு."

முதல் முறையாக வெள்ளை பூசிய உன் பிஸ்கட்டை நான் தின்றேன். எத்தனை தடவை செய்து பார்த்தாய் என்று கேட்டேன். நீ விரலை மடக்கி எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாய். ஒரு மாத டீச் சர்க்கரை எங்கே போயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது. என் மேல் உனக்குக் கோபமே வரவில்லையா? வந்திருக்கும். நீ மனுஷிதானே. அந்தக் கோபத்தோடு உட்கார்ந்து பிசினை ஊறவைத்தாய் என்றுதான் நினைக்கிறேன்.

இருநூறு கிளியையும் எங்கள் வீட்டிலேயே செய்தேன். பிசின் யாருடைய யோசனை என்று மாமியார் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. பித்தளை அண்டாவில் மணல் கொட்டி, கரியடுப்பில் ஏற்றி, மூடிமேலும் கங்கு போட்டுச் சுட்டேன். ஓரம் போட்டு, காயவிட்டு, பிறகு ஊற்றினேன். ஒன்றுகூட வழியவில்லை. கல்யாணத்தில் சீர்த்தட்டைச் சுற்றிக் கூட்டம். "முட்டை கிட்டை ஒண்ணும் கிடையாது. பிசின்ல பண்றது. எங்காத்து மாட்டுப்பொண்ணு கண்டுபிடிச்சது" என்று மாமியார் எல்லாரிடமும் சொன்னார். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பேசாமல் நின்றேன். முதல் பொய்யாவது பயத்தில் சொன்னது. இந்த மௌனத்துக்குப் பயம்கூடக் காரணம் இல்லை. புகழ் நன்றாக இருந்தது.

உன்னைக் கல்யாணத்துக்கு அழைக்கவில்லை. மறுநாள் பொட்டலம் கொண்டுவந்தேன். நீ கிளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மூக்கு நல்லா வந்திருக்கு" என்றாய். கல்யாணக் கதையெல்லாம் கேட்டாய். ராஜம் என்ன நிறப் புடவை என்று கேட்டாய்.

போர் முடிந்தது, சுதந்திரம் வந்தது, நீ செம்பூருக்குக் குடிபோனாய். வேலையையும் விட்டுவிட்டாய். "ஞாயித்துக்கெழம வா. இங்க வீட்டுக்கு முன்னால கொஞ்சம் எடம் இருக்கு, பசலை போட்டிருக்கேன்" என்று கார்டு எழுதினாய். வருகிறேன் என்று நானும் எழுதினேன்.

இப்போது அந்தத் தண்ணீருக்கு வருகிறேன். வெள்ளைக்கரு சேர்ந்திருந்தால் கொதிக்கிற வெந்நீர் பட்டதும் வெந்து, வெள்ளை வெள்ளையாகத் திரிந்திருக்கும். உன் கூம்புகளை எத்தனை தடவை கழுவியிருக்கிறேன். "பச்சத் தண்ணியில கழுவுட்டி" என்று நீ எத்தனை தடவை கத்தியிருக்கிறாய்! நேற்று அந்த நினைவே இல்லாமல் வெந்நீரில் போட்டுவிட்டேன். ஒன்றும் திரியவில்லை. பிசின்.

உன் வீட்டில், உன் மகளுக்கு, யாரும் முட்டை கூடாது என்று சொல்லாத அடுப்பில், நீ ஏன் பிசினில் போட்டாய்? அப்போதுதான் உன் வீட்டுக்காரர் படியிறங்கும்போது சொன்ன இன்னொன்று உறைத்தது. நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. "அவ அந்தக் கல்யாணத்துக்குப் பொறவு பிஸ்கட்ல முட்டையே சேக்கலம்மா. நீங்க வந்தா திங்கணும்லான்னு சொல்லுவா."

செம்பூருக்குப் போன பிறகு மட்டும் இரண்டு வருஷம். நான் எந்த ஞாயிற்றுக்கிழமை வருவேன் என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் எனக்காகப் பிசினை ஊறவைத்திருக்கிறாய். இதை எழுதும்போது கண்ணீர் வரவில்லை, வெட்கமாக இருக்கிறது. வெட்கம்தான் அதிகம் எரிகிறது.

இன்று காலை மாமியார் கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து, "அம்மா, அன்னிக்கு முட்டை விஷயம் எனக்குத் தெரியும். முதல்லேர்ந்தே தெரியும். அவ உங்ககிட்ட சொல்லச் சொன்னா, நான்தான் சொல்லலை. அவ செத்துப்போயிட்டா" என்றேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

அவர் கத்தியை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"உனக்குத் தெரியும்னு தெரியும். நீ தெரியாதுன்னு சொன்னப்போ அந்தப் பொண்ணு உன்னைப் பார்த்தாளே, அப்பவே தெரிஞ்சுடுத்து."

"அப்போ ஏம்மா அவளை மட்டும்..."

"உன்னைச் சொன்னா ஆத்துக்குள்ள சண்டை. ராஜத்தோட கல்யாணம் நிக்கும். அவளைச் சொன்னா வாசலோட போச்சு." நறுக்கியதை ஒதுக்கிவிட்டு, "அவளே தோளை நீட்டினா. நாம ஏத்திட்டோம்" என்றார். வெண்டைக்காயை அரிந்துகொண்டேயிருந்தார். கை மட்டும் மெதுவாயிற்று.

இந்த வாரம் டெல்லியிலிருந்து சம்பந்தி மாமியின் கடிதம் வந்திருந்தது. ராஜத்தின் குழந்தைக்கு ஆண்டு நிறைவு வருகிறது. உங்கள் மாட்டுப்பெண் கண்டுபிடித்த அந்த வெள்ளைக்குப் பக்குவம் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார். மத்தியானம் உட்கார்ந்து எழுதினேன். பிசின் எவ்வளவு, கூவை மாவு எவ்வளவு, ஓரம் எத்தனை நாழி காயவேண்டும், எல்லாம். அதற்கு முன்னால், இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, என் சிநேகிதி, எங்கள் வீட்டுக்காகத் தன் பங்குச் சர்க்கரையில் செய்து பார்த்துக் கண்டுபிடித்தாள் என்று எழுதி, உன் பெயரை எழுதினேன். முதலில் செய்த முப்பத்தாறைப் பற்றி எழுதவில்லை. அந்தச் சுமையை ராஜத்தின் தலையில் இறக்க எனக்கு உரிமை இல்லை. அது என்னோடு இருக்கும்.

எங்கள் வீட்டில் டெல்லிக்குப் போகிற கடிதம் மாமியார் படிக்காமல் தபாலுக்குப் போகாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். இரண்டு தடவை படித்தார். நான் நின்றுகொண்டிருந்தேன், இந்தத் தடவை எது வந்தாலும் வரட்டும் என்று நின்றேன்.

காகிதத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "பேரு தெரியவே மாட்டேங்கறது. கிறுக்கி வெச்சிருக்கே. சம்பந்திக்குக் கண்ணு மங்கல். பெரிசா, நிறுத்தி எழுது" என்றார்.

வேறு காகிதம் எடுத்து முதலிலிருந்து எழுதினேன். நீ எழுதுவாயே, அந்த மாதிரி, ஒவ்வொரு எழுத்தாக. ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்கு வருகிறேன். கூம்பு காய்ந்துவிட்டது, பிசின் ஊறுகிறது. அந்தப் பாதிக் கிளியை உன் மகளோடு உட்கார்ந்து முடிக்கவேண்டும். டெல்லிக் கடிதம் தபாலில் சேர்ந்துவிட்டது. அதில் எல்லா எழுத்தையும்விடப் பெரிதாக இருப்பது உன் பெயர். இந்தக் கடிதத்தில் மட்டும் அதை எழுதவில்லை. இது உனக்கு, உன் பெயர் உனக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குத்தான் இனி நான் அதை எழுதவேண்டும்.